மனுவும் ஞானாம்பாளும்

அண்மையில் இரு நூல்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று மனுதர்மம். தந்தை, கணவன், மகன் என மூன்று காவலர்களை நிறுத்தி, பெண்ணுக்குத் தன்னுரிமை தகாது என்கிறது அதன் ஒன்பதாம் அத்தியாயம். மற்றொன்று, 1826இல் குளத்தூரில் பிறந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. தமிழின் முதல் நாவல். அதிலே ஞானாம்பாள் அரசுகட்டில் ஏறி ஆள்கிறாள்!

ஆசிரியர் நாத்திகரல்லர், சமயக் கீர்த்தனைகள் இயற்றிய மாயூரம் முன்சீப். ஆயினும் பெண்கல்விக்கு வாதாடினார். ஆனால் அந்த ஞானாம்பாளும் ஆண் வேடம் பூண்டே ஆளவேண்டியிருந்தது. ஏன்? நாட்டின் நெஞ்சிலே மனு குடியிருந்தான்!

தோழர்களே! சாத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாவலைப் பொழுதுபோக்கென்று தள்ளுவது அறிவுடைமையா? இரண்டையும் படியுங்கள், இரண்டையும் கேள்வி கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணின் கையிலும் கொடுங்கள். வேடமின்றி ஆளட்டும் அவள்!