கரண்டிக் கணக்கு

ஜெகதளா பக்கம் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலருக்கும் கட்டுரை எழுதி வழிகாட்டப் புறப்பட்டிருக்கிறார் குன்னூர் நண்பர் ஒருவர். அவர் வாதம் இதுதான்: மலைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கிடையாது, இரவானால் பிஎச் 7.8க்கு இறங்கிவிடுகிறது, ஆகவே தினமும் ஒரு கரண்டி ஆப்பசோடா, ஒரு கரண்டி கால்சியம் குளோரைடு. கொஞ்சம் கூடினாலும் பவளம் தின்று வளருமாம்.

தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு என்பது மட்டும் நிஜம். நீலகிரி சார்னோக்கைட் பாறை; அதில் இறங்கி வரும் தண்ணீர் மென்மையாகத்தான் இருக்கும். அதனால் என்ன? பவளத் தொட்டிக்கு யாராவது வெறும் தண்ணீரை ஊற்றுகிறார்களா? உப்புக் கலவையைக் கரைத்து ஊற்றுகிறோம். கடலில் இருக்கிற மாதிரி லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் கால்சியமும், 7 டிகேஎச் அலகுக்குக் குறையாத ஆல்கலினிட்டியும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) அந்தப் பாக்கெட்டிலேயே வந்துவிடுகின்றன. சமவெளிக்காரர் போர்வெல் தண்ணீரின் கடினத்தைப் போக்க ஆர்.ஓ. வைத்துப் படாதபாடு படுகிறார். நமக்கு இயல்பாக வாய்த்ததை நண்பர் நோயாக்கி மருந்தும் எழுதிவிட்டார்.

அடுத்தது பிஎச். இங்கேதான் அவர் முழுசாக வழுக்குகிறார். டிசம்பர் குளிரில் ஜெகதளா வீடுகளில் யார் ஜன்னலைத் திறக்கிறார்கள்? பூட்டிய அறையில் நாலு பேர் மூச்சுவிடுகிறார்கள், அடுப்பு எரிகிறது. அறைக் காற்றில் கரியமில வாயு ஏறுகிறது, அது தொட்டித் தண்ணீரில் கரைகிறது, பிஎச் இறங்குகிறது. விளக்கணைத்த இரவில் பாசியும் அந்த வாயுவை இழுத்துக்கொள்வதில்லை. ஆல்கலினிட்டி இம்மியும் குறையாமலே இதெல்லாம் நடக்கும். சந்தேகமா? தொட்டித் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு வெளித்திண்ணைக்குக் கொண்டுபோய், ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். பிஎச் ஏறினால் குற்றவாளி கரியமில வாயு. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் இடுக்கு வழியே வெளியே நீட்டினால் பெரும்பாலும் போதும். நண்பர் சொல்லும் ஆப்பசோடாவோ போட்டவுடன் பிஎச்சைச் சற்று இறக்கத்தான் செய்யும். பள்ளிக்கூட வேதியியல் இது.

கரண்டிக் கணக்கையும் போட்டுவிடுவோம். 200 லிட்டர் தொட்டியில் ஆல்கலினிட்டியை 1 டிகேஎச் உயர்த்த 6 கிராம் ஆப்பசோடா வேண்டும்; ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. செலவழிக்க ஆளில்லாத தொட்டியில் தினமும் ஒரு கரண்டி போட்டால் 7இல் இருந்தது ஒரே வாரத்தில் 14ஐத் தொடும், கால்சியமும் கூடவே ஏறும். அப்புறம் தண்ணீர் தாங்காது. இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். சூடான இடத்தில் முதலில் படியும் என்பதால் மாட்டுவது ஹீட்டர். இந்தக் குளிரில் ஓய்வில்லாமல் எரிகிற ஹீட்டர்மேல் கெட்டிலுக்குள் படிகிற மாதிரி வெள்ளைப் பொருக்கு. அடுத்து மோட்டார் விசிறி இறுகி நிற்கும். பவளம் தின்னும் என்றாரே, தின்றது ஹீட்டர்தான்.

சரி, தின்கிற பவளம் எது? அவர் தந்திருக்கும் அளவு மான்கொம்புப் பவளம் நிறைந்த வெளிநாட்டுத் தொட்டிகளுக்கானது. தூத்துக்குடியிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம் என்று சர்வசாதாரணமாக ஒரு வரி வேறு! பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டை உடைத்து எடுத்தாலும் குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டித்தான் அங்கே பூவரசன்பட்டி, விலங்குசல்லி தீவுகள் கடலுக்குள் போக வழி பண்ணினோம். நம் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் காளான் பவளமும் லெதர் பவளமும். அவை பாறை கட்டுவதில்லை. கல்லில் படரும் இளஞ்சிவப்புப் பாசி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதற்கு வாரந்தோறும் மாற்றுகிற தண்ணீரே ஈடுகட்டும்.

கால்சியம் நிஜமாகவே செலவாகிறதா என்று பார்க்க ஆல்கலினிட்டியை அளந்தால் போதும். பவளம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் எடுத்தால் கூடவே 2.8 டிகேஎச் இறங்கும். 420இல் 20 போனதை வீட்டு டெஸ்ட் கிட் சரியாகக் காட்டாது; 7இல் 2.8 போனால் எந்தக் கிட்டும் காட்டிவிடும். நண்பர் கட்டுரை முழுக்க இப்படி அளந்த எண் ஒன்றுகூட இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எதுவும் போடாமல் ஏழு நாள், தினமும் ஒரே நேரத்தில் தன் தொட்டியின் ஆல்கலினிட்டியை அளந்து அந்த ஏழு எண்களையும் வெளியிடட்டும். பிறகு பேசலாம்.