சுவிட்சுக்கு முந்தைய 30 விநாடிகள்

சாட்சியின் வாயைத் திறக்கவும் அடைக்கவும் வல்ல சுவிட்சு, விசாரிக்கப்படவேண்டியவரின் கையிலேயே இருத்தல் தகுமோ?

2017 ஜனவரியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் காவலர் ஒருவர் தம் மார்புக் கேமராவின் சுவிட்சை அழுத்தி, குப்பையிலிருந்து போதைப்பொருளைக் 'கண்டெடுத்தார்'. அக்கேமராவோ, அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிகளையும் ஒலியின்றிச் சேமிப்பது. அவரே அதை அங்கு வைப்பது அதில் தெரிந்தது! முன்பே கண்டதை நடித்துக் காட்டியதாக அவர் தரப்பு வாதிட்டது. ஆயினும் ஆதாரம் புனைந்தார் என 2018இல் நீதிமன்றம் தீர்த்தது.

துக்கவீட்டில் கேமராவை அணைத்துவைப்பதை நான் குறைகூறேன். கைதுசெய்யும்போதும் சோதனையிடும்போதுமோ, பதிவு தானாகவே தொடங்கவேண்டும். துப்பாக்கி உறையைவிட்டு எழுந்தவுடன் கேமராவை இயக்கும் கருவி ஏற்கெனவே உண்டே.

அந்த 30 விநாடிகள் வெளிப்படும்வரை, பிணைத்தொகை செலுத்த இயலாத ஒருவர் ஏறக்குறைய 6 மாதம் சிறையிலிருந்தார்.