கூரையில் தொங்கும் கூடு யாருடையது?

ஐப்பசி பிறந்தால் தோட்டத்தில் இரண்டு பேச்சுத்தான். ஒன்று, தீபாவளி முற்பணம் எவ்வளவு, எப்போது என்பது. மற்றது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது. வருசம் முழுக்கக் கை வைக்காத கூரைச் சந்துக்குள் ஒட்டடைக் கம்பை விடும்போதுதான், அங்கே நமக்கு முன்னரே இன்னொரு குடும்பம் குடியேறியிருப்பது பல வீடுகளில் தெரியவருகின்றது.

கடந்த வருடம் எமது பகுதித் தோட்டமொன்றில் அப்படித்தான் நடந்தது. சுவர் கூரை வரை எட்டாத பழைய லயம். தொங்கல் காம்பராவில் இருந்த ஒரு தாய், ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரத்துக்கு அடியில் ஒட்டடை தட்டினார். கம்பு பட்டது குளவிக் கூட்டில். அவருக்கு முகத்திலும் கழுத்திலும் கொட்டியது. குளவி அவரோடு நிற்கவில்லை. சுவருக்கு மேலால் அடுத்த காம்பராவுக்கும், அதற்கடுத்த காம்பராவுக்கும் போயிற்று. எமது பாடசாலைப் பிள்ளைகள் இருவர் வீங்கிய கண்ணோடு கிடந்தார்கள். அந்தத் தாய் நான்கு நாள் வைத்தியசாலையில் இருந்தார். நான்கு நாள் பேரும் போயிற்று. தோட்டத் தலைவர் காரியாலயத்துக்குப் போய்ப் பேசியபோது கிடைத்த பதில் இது: "மலையில் கொட்டினால் புத்தகத்தில் எழுதலாம். வீட்டில் கொட்டினால் நிர்வாகம் என்ன செய்வது?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்த இதழில் பதில் எழுதுகின்றோம்.

அந்தக் கூரை யாருடையது? குசினியை நான்கு அடி நீட்டிக் கட்டப் போனால் "இது தோட்டத்துக் கட்டடம், அனுமதி எடு" என்று வெளிக்கள உத்தியோகத்தர் வந்து நிற்கின்றார். இஸ்தோப்பில் ஒரு தகரம் போட்டால் விசாரணை. காணி உறுதியும் இல்லை, வீட்டு உறுதியும் இல்லை. ஆனால் அதே கூரைக்குள் குளவி கூடு கட்டிவிட்டால் மட்டும் வீடு ஒரே நாளில் எங்களுடையதாகி விடுகின்றது! சொந்தக்காரன் என்ற உரிமை நிர்வாகத்துக்கு என்றால், பொறுப்பும் அங்கேதான் இருக்க வேண்டும். இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம் அல்ல. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பதும், தொழிலாளர் நோய்ப்பட்டால் அதை விசாரித்து ஆவன செய்வதும் தோட்ட அதிகாரியின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கின்றது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சட்டம் அது. குளவி என்ற சொல் அதில் இல்லைதான். ஆனால் பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கு மேலே குளவிக் கூடு தொங்குகின்ற லயத்தைச் சுகாதாரமான லயம் என்று யார் சொல்வார்?

மலையில் உள்ள கூட்டையும் லயத்தில் உள்ள கூட்டையும் இரண்டு பிரச்சினையாகப் பிரிப்பதையும் நாங்கள் ஏற்பதற்கில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, எத்தனை மலைகள் கவ்வாத்தும் இல்லாமல் புல்வெட்டும் இல்லாமல் காடாகிப் போயின என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தேயிலை ஆள் உயரத்துக்கு மேலே போய், கானும் மூடி, லயத்துப் பின்பக்கம் வரை பற்றை வந்து நிற்கின்றது. அந்தப் பற்றைக்குள் இருப்பது பற்றையோடு நிற்குமா? குளவிக் கொட்டுக்கு இலக்காகிப் பத்துப் பேர் வைத்தியசாலையில் என்று செய்தி வரும் நாட்களில் எல்லாம், கழுகு கூட்டைக் கலைத்துவிட்டது என்று ஒரு வரியும் சேர்ந்து வரும். கழுகு கலைப்பது உண்மைதான். கொழுந்து எடுக்கும் மலைக்கு நேர் மேலே கூடு இருப்பது தெரிந்தும் ஆட்களை அங்கே நிறைபோட்டது கழுகு அல்ல.

இனி வீட்டு விஷயம். முதலில் எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கள அயலவர்கள் தெபர என்றும் பம்பர என்றும் பிரித்துச் சொல்வார்கள். நாம் இரண்டையும் குளவி என்றே சொல்லிவிடுகின்றோம்.

சுவர் மூலையில், சாமிப் படத்துக்குப் பின்னால், மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுவது தனிக் குளவி. அது கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பாட்டிமார் உடைக்க விடமாட்டார்கள். பிள்ளை பிறப்பது வேறு விஷயம், ஆனால் உடைக்க வேண்டாம் என்பது சரி. அது கூட்டமாக வந்து தாக்குவதில்லை, கையால் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டுவதும் அரிது. ஆபத்தானது, மரத்தைச் சுரண்டி மென்று, சாம்பல் நிறக் கடுதாசி போலப் பந்தாகக் கூடு கட்டுகின்ற பெரிய குளவி. கறுப்பு உடம்பு, வயிற்றுப் பக்கத்தில் மஞ்சள் பட்டை. இதுதான் தெபர. கொடுக்கு உள்ளே தங்காது, ஒன்றே பல தடவை கொட்டும். மூன்றாவது, உயர்ந்த மரக் கொப்பிலும் கற்பாறையிலும் தண்ணீர்த் தாங்கியின் அடியிலும் ஒரே அடையாகத் தொங்கும் மலைத்தேனீ. இதுதான் பம்பர. அது கொட்டினால் கொடுக்கு தோலில் நின்றுவிடும். அந்த இடத்திலிருந்து வரும் வாசம் மற்றத் தேனீக்களையும் கூப்பிடும். அதனால்தான் ஒருவரைக் கொட்டத் தொடங்கினால் அவரையே கூட்டமாகத் துரத்துகின்றன.

தெபரக் கூடு ஆரம்பத்தில் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். பெரும்பாலும் ஒரு ராணிதான் தொடங்கும். அதைச் சில மாதம் பார்க்காமல் விட்டால் பூசணிக்காயாகின்றது. ஆகவே மாதம் ஒருமுறை கூரைச் சந்து, கக்கூஸ் கூரை, விறகுக் கொட்டில், பாவிக்காத காம்பரா, பிள்ளைக் காம்பராவின் பீலி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். கம்பு வேண்டாம், கண் போதும். ஒரே ஓட்டை வழியாகக் குளவி போவதும் வருவதுமாக இருந்தால் உள்ளே கூடு இருக்கின்றது என்று அர்த்தம். அந்த ஓட்டையைச் சாக்கால் அடைப்பதும் கூடாது. வெளியே வர வழி தேடிக் காம்பராவுக்குள் இறங்கும்.

மண்ணெண்ணெய்த் துணியைக் கம்பில் சுற்றிக் கொளுத்துவது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். எத்தனையோ லயங்கள் தீப்பிடித்து, முழு வரிசையும் சாம்பலாகி, குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் மாதக்கணக்கில் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கின்றோம். காய்ந்த மரச் சட்டமும் பழைய மின்கம்பியும் உள்ள கூரைக்குள் நெருப்பு வைத்தால், குளவி பறந்துவிடும். நாம்தான் வெளியே நிற்போம். தீபாவளிக்கு வானம் விடும் பையன்களுக்கும் இதையே சொல்லுங்கள். கூட்டைக் குறிபார்த்து வானம் விடுவதை வீரம் என்று நினைக்கின்ற பையன்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கின்றார்கள்.

கூட்டை எடுப்பது பழக்கமுள்ள ஆளின் வேலை. முகமும் கையும் மூடிய உடுப்போடு, இருட்டிய பிறகு, அந்த லயத்துக் குடும்பங்களை முன்கூட்டியே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. அந்த ஆளையும் உடுப்பையும் நிர்வாகம் தர வேண்டும். ஐந்நூறு ரூபாயும் ஒரு போத்தலும் கொடுத்து எங்கள் பையன் ஒருவனை மரத்தில் ஏற்றுவதை இனியும் அனுமதிக்க முடியாது.

கொட்டிவிட்டால் முதலில் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும். முகத்தை மூடிக்கொண்டு, கையை வீசாமல், கதவு அடைக்கக்கூடிய வீட்டுக்குள் போக வேண்டும். கொடுக்கு நின்றிருந்தால் நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். வீங்க முன்னர் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். சவுக்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். சுண்ணாம்பு, வெங்காயம், மண்ணெண்ணெய் என்று தேடி ஓடுவது நேரத்தைத்தான் விழுங்கும். மூச்சு இழுத்தாலோ, உதடும் நாக்கும் தடித்தாலோ, உடம்பெல்லாம் தடிப்புக் கிளம்பினாலோ, தலை சுற்றி வாந்தி வந்தாலோ, கொட்டியது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அது உயிராபத்து. சில நிமிடங்களில் ஆள் போய்விடலாம். டிஸ்பென்சரி திறக்கட்டும், லொறி வரட்டும் என்று காத்திருக்காமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்து மேட்டுக்கு ஏற முடியாது என்றால் பெரிய ரோட்டுச் சந்திக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். பல இடத்தில் கொட்டு வாங்கியவர்கள், முக்கியமாகச் சிறு பிள்ளைகளும் வயதானவர்களும், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்தாலோ பிளேன்டீ நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்படுகின்றது. உடனே திரும்பிப் போங்கள்.

வேலைத்தளத்தில் கொட்டினால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. வேலையின்போது, வேலை காரணமாக நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கேட்கலாம், மரணம் நேர்ந்தால் தங்கி வாழ்பவர்கள் கேட்கலாம். ஆனால் அதற்குக் கடுதாசி வேண்டும். விபத்துப் புத்தகத்தில் அன்றே பதிவு, வைத்தியசாலைத் துண்டு, கூட நின்றவர்களின் பெயர். பத்து மணிக்குக் குளவி கலைந்து எல்லோரும் மலையிலிருந்து இறங்கினால் அரைப் பேர் போடுவதும் நடக்கின்றது. குளவிக்குப் பயந்து வீட்டுக்கு வந்தவர் வேலையை விட்டு வந்தவர் அல்ல. முழுப் பேர் தர வேண்டும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகின்றோம். ஒருவர் இறந்தால் மலர்வளையம் வைத்தோம், அறிக்கை விட்டோம், நிர்வாகத்தைக் கண்டித்தோம். எந்தத் தோட்டத்தில் எந்த மலையில் எத்தனை கூடு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தோமா என்று கேட்டால், இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் துரை "எங்கே கூடு, காட்டுங்கள்" என்று கேட்டபோது எங்கள் பிரதிநிதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த நாளும் உண்டு.

ஆகவே தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் தீபாவளிக்கு முன்னர் வருகின்ற ஞாயிற்றுக்கிழமைக்குள் லயம் லயமாக, மலை மலையாகப் பார்த்து, லய இலக்கம், காம்பரா, மலை இலக்கம், மரம் என்று எழுதி இரண்டு பிரதி எடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்கப் படிக்கின்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், கூட்டுக்குக் கிட்டப் போக விடாமல். ஒரு பிரதியை நிர்வாகத்திடம் கொடுத்து, திகதியோடு ஒப்பம் வாங்குங்கள். ஒப்பம் வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மற்றப் பிரதி மாவட்டக் காரியாலயத்துக்கு வரட்டும். கூடு எடுக்கப்படும் வரை அந்த மலையில் நிறை போடக் கூடாது என்றும், அந்த லயத்தில் யாரும் கூரைப் பக்கம் வெள்ளையடிக்க வேண்டாம் என்றும் பெரட்டிலேயே அறிவித்துவிடுங்கள். சுவரின் கீழ்ப் பாதிக்கு இந்த வருசம் சுண்ணாம்பு போதும்.