இமைப்பொழுதில் ஒரு குருவி

சென்ற சித்திரை விடுமுறையில் ஒரு முற்பகலை உன்னிச்சைக் குளக்கட்டிலே கழித்தோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களுக்கு நீரூட்டும் பெருங்குளம் அது; நகரத்தாரின் குடிநீரும் இன்று அங்கிருந்தே வருகின்றது. உடன் வந்தவர் எம் பழைய மாணாக்கர். அவர் தோளிலே புதிய கமரா. நெஞ்சிலே, பறக்கும் குருவியைப் படம் பிடித்துவிட வேண்டும் என்னும் ஒரே ஆசை.

வடநாடுகளுக்கு இன்னும் திரும்பாத தகைவிலான்கள் சில நீர்ப்பரப்பை உரசுவனபோற் பறந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தில் முந்நூறு படங்கள் எடுத்தார் தம்பி. பலவற்றில் வெறும் வானம். சிலவற்றில் ஒரு வால். எஞ்சியவற்றில் ஒரு கரிக்கோடு.

"சேர், கமரா போதாது போலும்" என்றார்.

கணக்கைப் பாருங்கள். செக்கனுக்குப் பத்து மீற்றர் பறக்கும் குருவி, செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 250இல் ஒரு பங்காயின் நான்கு சென்ரிமீற்றர். ஏறக்குறைய 20 கிராம் எடையே உள்ள சிற்றுயிரின் உருவைக் கலைக்க இது போதாதா? அன்றியும், பூச்சி திரும்பும் திசையெல்லாம் தானும் திரும்புவது அதன் இயல்பு.

இவ்விடர் புதியதன்று. 1882ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் மாரே என்பார் துப்பாக்கி வடிவில் ஒரு கமரா செய்து, செக்கனுக்கு 12 படங்கள் எடுத்தார். பறவையைக் கொல்லாத துப்பாக்கி அது! இன்றோ பறவையின் கண்ணைத் தானே தேடிப் பற்றும் கமராக்கள் வந்துவிட்டன. ஆயினும், பறவை அடுத்து எங்கே வரும் என்பதைக் கருவி அறியாது; அதனைப் பார்த்துப் பழகியவரே அறிவர். தமிழ்நாட்டிலே எம். கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த கமராவைக் கொண்டு, காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலே எடுத்தார். அவருடைய பெருமுதல், காட்டிலே பார்த்துக் கழித்த ஆண்டுகளே.

தேனீயையும் தும்பியையும் பறந்தே பிடிக்கும் பச்சைப் பஞ்சுருட்டானைத் தம்பிக்குக் காட்டினோம். இரை பிடித்ததும் பெரும்பாலும் புறப்பட்ட கொம்புக்கே அது மீளும். "கொம்பைக் குறிவைத்துக் காத்திருங்கள்" என்றோம்.

தம்பியோ அதனினும் எளிய வழியைக் கண்டுவிட்டார். மண்சரிவிலே அதன் பொந்து இருந்தது. ஐந்தடி தொலைவில் படுத்துக்கொண்டார். அலகிலே தும்பியோடு வந்த பறவை, பொந்தின் முன் ஒருகணம் சிறகடித்து நின்றது. அருமையான படம் அகப்பட்டது. நாமும் பார்த்து மெச்சினோம், மறைப்பானேன்?

பின்னரே பறவையைக் கவனித்தோம். அது பொந்துக்குள் நுழையவில்லை. எதிர்க் கொம்பிலே, அலகில் அதே தும்பியுடன் அமர்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தோம், பதினைந்து நிமிடங்கள் கழிந்தன. உள்ளே குஞ்சுகள் காத்திருக்கின்றன. நாம் மெச்சிய படத்திற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தவை அவையே.

"தம்பி, எழும்புங்கள்" என்றோம். முகம் வாடினாலும் எழுந்தார். நாற்பதடி நடப்பதற்குள் பறவை பொந்தினுள்ளே புகுந்தது.

பொந்துக்கு வெகுதொலைவில், வேறொரு பட்ட கொம்பின் எதிரே நண்பகல் வரை காத்திருந்தார் தம்பி. பஞ்சுருட்டான் ஒன்று ஒன்பது முறை போய் வந்தது. ஒன்பதாம் முறை அகப்பட்டது. கண் தெளிவு, சிறகின் நுனி மட்டும் கலங்கியிருந்தது. பொந்தருகே எடுத்த படத்தை அவரே அழித்துவிட்டார், நாம் சொல்லவில்லை.

விடுமுறையிலே உங்கள் பிள்ளைகளும் கைத்தொலைபேசியோடு குருவியைத் துரத்துவார்கள். முதலில் அது மீண்டும் மீண்டும் வந்தமரும் கொம்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கூட்டைக் கண்டாலோ, எட்ட நின்று திரும்பிவரச் சொல்லுங்கள்.