ஹஜ்ஜுக்குப் போகும் முழங்கால்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் ஒருவர் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ கிளம்புகிறார் என்றால் தெருவே அந்த வீட்டுக்கு வந்துவிடும். துஆ செய்யச் சொல்லிக் கேட்பவர்கள், மாலை வாங்கி வருபவர்கள், வேன் பிடித்துச் சென்னை விமான நிலையம் வரை போய் வழியனுப்புகிறவர்கள். எத்தனை நாள் பயணம், ஹோட்டல் எத்தனை ஸ்டார், சாப்பாடு நம்ம ஊர்ச் சமையலா என்று பேச்சு ஓடும். போகிறவருக்கு எழுபது வயது. டேனரியில் ஈரத் தரையில் நின்றே காலத்தைக் கழித்த கால்கள். அந்தக் கால்கள் அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் யாரும் ஏஜென்டைக் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடப்பதே மூன்று கிலோமீட்டரைத் தொட்டுவிடும். அதற்கு முன் கஅபாவை ஏழு சுற்று. கீழ்த்தளத்தில் நெரிசல் என்று மேல்மாடிக்கு அனுப்பிவிட்டால், அதே ஏழு சுற்று பல மடங்கு நீண்டுவிடும். இதோடு ஹோட்டலிலிருந்து, கஅபா இருக்கும் பள்ளிவாசலான ஹரமின் வாசலுக்குப் போவதும் வருவதும். 'ஹரமுக்குப் பக்கத்திலேயே' என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மீட்டர், வழி ஏற்றமா சமதளமா, ஹோட்டல் பஸ் எங்கே இறக்கிவிடும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மக்கா மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். ஐந்நூறு மீட்டர் ஏற்றம் ஒரு முதியவரின் அன்றைய பலத்தையே வாங்கிவிடும்.

வீல்சேர் என்ற பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் முகம் சுருங்குகிறது. "எனக்கென்னப்பா, நல்லாத்தானே இருக்கேன். அல்லாஹ் வீட்டுக்குப் போய் உக்காந்துக்கிட்டா சுத்துவாங்க?" என்பார்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கான பதில் அவர்கள் நம்பும் மார்க்கத்திலேயே இருக்கிறது. நபிகள் நாயகம் தம் இறுதி ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மேல் அமர்ந்தே கஅபாவைச் சுற்றி தவாஃப் செய்தார்கள் என்றும், உடல்நலமில்லாத தம் மனைவி உம்மு ஸலமாவை வாகனத்தில் அமர்ந்தபடி, மக்களுக்குப் பின்னால் சுற்றச் சொன்னார்கள் என்றும் ஹதீஸ்கள் சொல்கின்றன. ஊர்ப் பள்ளிவாசல் இமாம் இதை ஒரு ஜும்ஆவில் எடுத்துச் சொன்னால், பிள்ளைகள் நூறு முறை சொல்வதைவிடப் பலன் இருக்கும்.

ஹரமில் வீல்சேருக்குத் தனிப்பாதை உண்டு. ஸஃபா மர்வாவில் நடுவிலேயே அந்தப் பாதை ஓடுகிறது. மேல்தளத்தில் மின்சார வண்டிகளும் உண்டு, கட்டணம் கட்டி ஏறலாம். தள்ளுவதற்கு ஆள் வேண்டுமென்றால், அங்கே அனுமதி பெற்றுச் சீருடையில் நிற்பவர்களிடம்தான் போக வேண்டும். வழியில் மடக்கிப் பேரம் பேசுகிறவரிடம் மாட்டினால், பாதிச் சுற்றில் கூலி ஏறும். மகனே தள்ளலாம்தான். ஆனால் மகன் தன் உம்ராவையும் செய்ய வேண்டுமே. அவனுக்கும் களைப்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

மதீனாவுக்கும் மக்காவுக்கும் இடையே சுமார் 450 கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். சர்க்கரை வியாதியும் சிறுநீர்த் தொந்தரவும் இருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. 2018 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஹரமைன் அதிவேக ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். உள்ளே கழிப்பறை இருக்கிறது. எழுந்து நாலடி நடக்கலாம். 2024 ஹஜ்ஜில் நம் நாட்டுப் பயணிகளில் ஒரு பகுதியினர் ஜித்தாவிலிருந்து மக்காவுக்கு முதன்முறையாக இதில் போனார்கள். குரூப்பில் உம்ரா போகிறவர்கள் ஏஜென்டிடம், கூடுதல் பணம் கட்டியாவது பெரியவர்களுக்கு ரயில் டிக்கெட் போடச் சொல்ல வேண்டும்.

ரயில் நிலையங்கள் இரண்டு ஊரிலும் பள்ளிவாசலை ஒட்டி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து டாக்ஸியோ பஸ்ஸோ பிடித்தாக வேண்டும். பெட்டிகளைத் தூக்க ஆள் வேண்டும். மதீனாவிலிருந்து மக்காவுக்கு பஸ்ஸில் போனால் துல்ஹுலைஃபாவில் நிறுத்தி இஹ்ராம் கட்ட விடுவார்கள். ரயில் அங்கே நிற்காது. ஹோட்டலிலேயே குளித்து இஹ்ராம் துணி உடுத்திக் கிளம்பிவிட வேண்டும். நிய்யத் எங்கே வைப்பது என்பதை ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உம்ராவைவிட ஹஜ் கடினம். ஹஜ் கடமைகள் நடக்கும் மினா, முஸ்தலிஃபா, அரஃபாவை இணைக்கும் மெட்ரோ 2010 முதல் ஓடுகிறது, ஹஜ் நாட்களில் மட்டும். ஒன்பது நிலையங்கள், சுமார் 18 கிலோமீட்டர். ரயிலில் உட்காரும் நேரம் கொஞ்சம்தான். ஏறுவதற்கு முன் கூட்டத்தோடு நிற்கும் நேரம்தான் பெரியவர்களைச் சாய்க்கிறது. வெயிலைப் பற்றிச் சொன்னால், "வேலூர் வெயிலையே பாத்தவங்க நாங்க" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். 2024 ஜூனில் ஹரமில் பதிவான வெப்பம் 51.8 டிகிரி. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்து, நிழலோ ஓய்விடமோ இல்லாமல் நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். முதியவர்களும் அவர்களில் இருந்தார்கள். விசிட் விசாவில் மலிவாக ஹஜ் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பயணத்தில் அரசு ஏற்பாடு செய்யும் பஸ்ஸும் கிடையாது, ஏசிக் கூடாரமும் கிடையாது என்று புரிந்துகொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், பெற்றவர்களை அப்படி அனுப்பாதீர்கள்.

2025-க்கான இந்திய ஹஜ் கொள்கையில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு, துணைக்கு ஒருவரோடு, முன்னுரிமை தரப்பட்டது. அந்தத் துணை பெயருக்கு ஒருவராக இருக்கக் கூடாது. ஷூ கம்பெனியில் லீவு கிடைக்கிறவர் எவரோ அவரை அனுப்பும் வழக்கம் இருக்கிறது. எந்த மாத்திரை எப்போது என்று தெரிந்தவரை, யார் சொன்னால் பெரியவர் கேட்பாரோ அவரை அனுப்புங்கள்.

செருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகத்துக் கால்களுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஊர் நம்முடையது. ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவர் கிளம்புவதற்கு முதல் நாள் வாங்கிய புதுச் செருப்போடு விமானம் ஏறுகிறார். இஹ்ராமில் ஆண்கள் காலுறையோ ஷூவோ போட முடியாது, புதுச் செருப்பின் வார் காலைக் கடித்தால் மறைக்க வழியில்லை. இரண்டு மாதம் முன்பே வாங்கி, தினமும் பஜ்ர் தொழுகைக்குப் பிறகு அதைப் போட்டுக்கொண்டு நடந்து பழக வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு இது கட்டாயம்.

விமான நிலைய வீல்சேருக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு விமான நிறுவனத்திடம் பதிய வேண்டும். டிக்கெட் போடும்போதே ஏஜென்டிடம் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. திரும்பி வரும் பயணத்துக்கும் சேர்த்துப் பதியுங்கள். அங்கே நடந்து ஓய்ந்த கால்களுக்குத் திரும்பும்போதுதான் அது அதிகம் தேவைப்படும்.

மினாவில் உள்ள ஜமராத்தில் கல் எறிய முடியாதவர்களுக்காகத் துணைக்குப் போனவர் எறியலாம் என்று மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். அதை யார் செய்வது என்று இங்கேயே, வீட்டில் உட்கார்ந்து, பெரியவரின் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள். மினாவில் எல்லோரும் கிளம்பும் அந்தக் காலையில் கேட்டால், அவர் நானும் வருகிறேன் என்றுதான் எழுந்து நிற்பார்.