உறுதி இல்லாத வீடு மலிவு இல்லை

ஊரிலிருந்து வரும் வட்சப் செய்தி அநேகமாக இப்படித்தான் இருக்கும். நல்ல கல்வீடு, நன்னீர்க் கிணறு, தெருக்கரை, நாலு பரப்புக் காணி. விலை பக்கத்துக் காணியின் விலையில் பாதி. கடைசியில் சின்னதாக ஒரு வரி: "உறுதி மட்டும் இல்லை, சண்டைக்குள்ள தவறிட்டுது, ஆனா பிரச்சினை வராது."

நம் பெற்றோர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கே ஸ்காபரோவில் வீடு வாங்கும்போது லோயர், இன்ஸ்பெக்ஷன், வங்கி என்று ஆயிரம் கேள்வி கேட்டவர்கள்தான். ஊர் என்றதும் ஒரு வீடியோ அழைப்பில் முற்றத்தையும் மாமரத்தையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்புகிறார்கள். நாளைக்கு அந்தக் காணியும் அதன் வழக்கும் வந்து சேரப்போவது நம்மிடம். அதனால் இது பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட முடியாது.

ஒன்ராறியோவில் இந்த வீடு யாருடையது என்று அரசாங்கப் பதிவேடு சொன்னால், அந்த உரிமைக்கு அரசாங்கமே உத்தரவாதம். இலங்கையில் பெரும்பாலான காணிகளுக்கு அப்படி இல்லை. காணிப் பதிவகம் உறுதிகளைத்தான் பதிகிறது. உறுதி எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அது பொறுப்பில்லை. உரிமையையே பதிகிற 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது நாடு முழுக்க இன்னும் போய்ச் சேரவில்லை. ஆகவே அங்கே காணி வாங்குவது என்றால், இவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று ஒரு சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போவதுதான். "பதிவு இருக்கு" என்ற ஒரு சொல்லோடு திருப்திப்பட முடியாது.

இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிப் போகிறது. தாள் தொலைவது ஒன்று. உரிமையே இல்லாதிருப்பது இன்னொன்று.

தாள் தொலைந்த குடும்பங்கள் ஏராளம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்கள் எல்லோரும் உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தூக்கிக்கொண்டு போனவர்களில் பலர் அதை வன்னியில் விட்டார்கள். ஆனால் காணி உறுதி ஒரே பிரதியாக எழுதப்படுவதில்லை. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணி விற்பனை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடக்க வேண்டும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். சில இடங்களில் பதிவேடே சேதமாகியிருக்கிறது என்பது உண்மைதான். அப்போதும் பழைய வரைபடம், சோலைவரி ரசீது, பக்கத்துக் காணிக்காரர் உறுதியில் எல்லையாக எழுதப்பட்ட பெயர் என்று ஏதாவது தடயம் கிடைக்கும். ஆகவே உறுதி தொலைந்தது என்று ஒருவர் சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிரதி எடுக்க ஏன் போகவில்லை?

பதில் சொல்லத் தடுமாறினால், தொலைந்தது தாள் இல்லை.

அப்போது வருவதுதான் ஆட்சி உறுதி. 'இந்தக் காணியைப் பத்து வருடத்துக்கு மேல் நான்தான் ஆண்டு அனுபவித்து வருகிறேன்' என்று ஒருவர் தானே சொல்லி, நொத்தாரிசு முன் எழுதி வைப்பது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வருட ஆட்சியை ஏற்கிறது, பொய்யில்லை. ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக, இடைவிடாமல் இருந்த ஆட்சியாக இருக்க வேண்டும். 'வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ' என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவரின் வீட்டில் இருப்பது அந்த வகை ஆட்சி இல்லை. நொத்தாரிசு அவர் சொன்னதை எழுதுகிறாரே தவிர, அது உண்மை என்று தீர்ப்புச் சொல்வதில்லை. 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் தன் காணிக்கு உரிமை கோர முடியாமல் போனவருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து கழித்தது. வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம். பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்த எத்தனை பேருக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரிந்திருக்கும்?

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான். போர் முடிந்த ஊரில் ஆளில்லாத வீடு என்று ஒன்று கிடையாது, ஆள் வர முடியாத வீடுதான் உண்டு. உரிமையாளர் காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். பிள்ளைகள் தமிழ்நாட்டு முகாமில் இருக்கலாம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமாக இருக்கலாம். பாதி விலைக்கு வீடு கிடைக்கிறது என்றால், மீதிப் பாதியை அவர்கள் கட்டுகிறார்கள். நம்முடைய டொலரும் யூரோவும் அங்கே போய் அதற்குத் துணை நிற்கிறது. 'எங்கட நிலத்தைப் பறிக்கிறாங்கள்' என்று ரொறன்ரோவில் பதாகை பிடிக்கும் நாம், அடுத்த வாரம் இன்னொருத்தரின் நிலத்தை ஆட்சி உறுதியில் வாங்கினால் அதற்கு என்ன பெயர்?

வன்னியில் இன்னொரு வகை. அங்கே பல காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்ட அரச காணி. அதை வைத்திருப்பவர் நினைத்தபடி விற்க முடியாது. ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி 'வாங்கினவர்கள்' கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

சரி, உறுதி சரியாக இருக்கிறது என்றே வைப்போம். யாழ்ப்பாணத்தில் தேசவழமையும் இருக்கிறது. பங்குக்காரருக்கும் முதுசத்தில் உரித்துள்ளவருக்கும் முதலில் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் பிறகு வழக்கு வரலாம். திருமணமான பெண் தன் சீதன வீட்டை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். (இந்தக் காலத்திலும் இப்படி ஒரு சட்டமா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுதுகிறேன்.)

கடைசியாக, நாமே உண்டாக்குகிற சிக்கல். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இலங்கையில் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு விலக்கு, பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவதற்கும் விலக்கு. கனடியப் பாஸ்போட் மட்டும் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? காசு அப்பாவுடையது, உறுதி சித்தப்பாவின் பெயரில். சித்தப்பா நல்லவர்தான். சித்தப்பாவுக்குப் பிறகு? அவருடைய பிள்ளைகளுக்கு அது அவர்களின் தகப்பன் காணி. உங்களிடம் இருப்பது வங்கி அனுப்பிய பற்றுச்சீட்டும் ஒரு வாய்ப்பேச்சும். காணி விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பி நீதிமன்றம் போகிறவர்களின் பாடு பெரும்பாடு.

இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், வீட்டில் இப்போதே பேச்சை எடுங்கள். வாங்கப்போகும் காணி என்றால், விற்கிறவர் காட்டிய லோயரை விட்டுவிட்டு, உங்களுக்காக வேலை செய்யும் ஒருவரை வைத்துப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் முன்பு இங்கே யார் இருந்தது என்று நீங்களே போய்க் கேளுங்கள், தேநீரோடு முழு வரலாறும் கிடைக்கும். ஏற்கெனவே உங்களுடையது என்றால், அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் உறுதி இலக்கம், காணியின் பெயர், எத்தனை பரப்பு, நான்கு எல்லையிலும் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மம்மாவுக்கு நினைவு இருக்கும்போதே கேளுங்கள்.