மூச்சின் கணக்கும் மந்திரத்தின் கணக்கும்

மூச்சு ஆண்டவன் அளந்து கொடுத்தது என்று சொல்லி வந்த கூட்டத்தார், இப்போது மூச்சை அளக்கும் யந்திரத்தையே தங்களுக்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். நாட்பட்ட நெஞ்சடைப்பு நோயாளியின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 89 காட்டுகிறதாம். மந்திரம் சொல்லி ஆழ மூச்சிழுத்தால் 93 காட்டுகிறதாம். ஆகவே மந்திரம் மெய்யாம்!

எண் ஏறுவது மெய்தான். ஏற்றியது எது என்பதே நம் கேள்வி. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று தொண்டை முதலிய குழாய்களிலேயே நின்றுவிடுகிறது; இரத்தத்துக்கு எட்டுவதில்லை. நிமிஷத்துக்கு 24 தரம் 250 மில்லி வீதம் இழுப்பவருக்கு, 6000-ல் பயன்படுவது 2400 தான். அதே 6000-ஐ 12 தரமாக, 500 வீதம் இழுத்தால் பயன்படுவது 4200. ஏறக்குறைய ஒன்றே முக்கால் பங்கு! இதில் மந்திரத்தின் பங்கு எத்தனை மில்லி? மந்திரத்தை விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நிதானமாக இழுத்துப் பாருங்கள், அப்போதும் ஏறும்.

இந்த யந்திரத்தின் தத்துவத்தை 1970-களில் கண்டவர் டக்குவோ அவோயாகி என்னும் ஜப்பானிய இஞ்சினீயரேயன்றி எந்த ரிஷியுமல்ல. 2021 மே மாதத்தில் கோவைக்கடுத்த இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். அப்போதும் மூச்சுத் திணறியவர்களின் உறவினர் தேடி அலைந்தது ஆக்ஸிஜன் சிலிண்டரைத்தானே?

நிற்க, எண் ஏறியதால் நோய் தீர்ந்ததென்று எண்ணுவதும் மூடநம்பிக்கையே. மூச்சு பழையபடியானால் எண்ணும் இறங்கிவிடும். ஆகவே வைத்தியர் கொடுத்த உறிஞ்சு மருந்தை நிறுத்தக் கூடாது. அளக்குமுன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, இயல்பான மூச்சில் அளக்க வேண்டும். வேகவேகமாக இழுத்தால் பழைய காற்று உள்ளே அடைபட்டுத் திணறல்தான் கூடும்; உதட்டைக் குவித்து மெல்ல ஊதிவிடுவதே நலம்.

அன்னூர் வட்டாரத்தில் நெஞ்சு கெடுவது தலைவிதியாலா? பஞ்சாலைத் தூசியும், விறகடுப்புப் புகையும், பீடியுமல்லவா காரணம்? பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய், 1923-ஆம் வருஷத்திய நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. விதி என்று நம்புகிற தொழிலாளி கோயிலுக்குக் காணிக்கை கொடுப்பான். காரணம் அறிந்தவன் முதலாளியிடம் நஷ்டஈடு கேட்பான். தோழர்களே, நீங்கள் கொடுப்பவர்களா, கேட்பவர்களா?